குறை செடியிலா, குழியிலா?

நட்ட செடி வளரவில்லை. அல்லது வளர்ந்தும் பூக்கவில்லை. இன்னும் பொறுத்திருப்பதா, பிடுங்கிவிட்டு வேறொன்றை நடுவதா? தோட்டம் வைத்திருக்கும் எவரும் என்றேனும் ஒரு நாள் இந்தக் கேள்வியின் முன் நிற்க நேர்கிறது. பார்வைக்கு இது மிகச் சிறிய கேள்வி. ஒரு ரோஜாச் செடியின் விலை பெரிதன்று. அதைப் பிடுங்கி எறிந்தால் ஏனென்று கேட்பாரும் இல்லை. ஆயினும் அறவியல் அறிஞர்கள் நெடுங்காலமாகச் சிந்தித்துவரும் சில பெரிய கேள்விகள் இச்சிறு கேள்வியினுள் ஒடுங்கியிருக்கின்றன. பொறுமை எந்த இடத்தில் சோம்பலாக மாறுகிறது? உறுதி எந்த இடத்தில் அவசரமாக மாறுகிறது? ஓர் உயிரை வளர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவருக்கு அதைக் கைவிடும் உரிமை எப்போது வருகிறது?

இவற்றை ஆராய்வதற்கு ரோஜா மிகவும் ஏற்ற செடி. ஒரே பருவத்தில் பூத்து மடியும் செடிகளிடம் இந்தச் சிக்கல் எழுவதில்லை. காசித்தும்பை சரியாகப் பூக்காவிட்டால் அடுத்த பருவத்தில் வேறு விதை தூவலாம். மாமரத்திடமும் இச்சிக்கல் அவ்வளவாக இல்லை. பலனுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை அறிந்தே அதை நடுகிறார்கள். ரோஜா இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. நட்ட சில மாதங்களிலேயே ஒன்றிரண்டு பூக்களைக் காட்டி ஆசையைத் தூண்டுகிறது. ஆனால் வேர் ஊன்றித் தன் முழு இயல்பையும் காட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைக்காலத்தில்தான் சந்தேகம் பிறக்கிறது.

டில்லியில் ஒரு தோட்டம்

ஒரு சூழ்நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர் டில்லியில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறுகிறார். அக்டோபர் மாதம் வட இந்தியச் சமவெளியில் ரோஜா நடுவதற்கு உகந்த காலம். ஒரே பண்ணையிலிருந்து ஒரே வகையைச் சேர்ந்த 12 செடிகளை வாங்குகிறார். எட்டுச் செடிகளை மதிலோரப் பாத்தியில் நடுகிறார். அந்த வீட்டில் முன்பு இருந்தவர் 15 ஆண்டுகள் ரோஜா வளர்த்த பாத்தி அது. மீதி நான்கையும் புல்தரையின் ஒரு மூலையைக் கொத்தி, அங்கே நடுகிறார்.

ஓராண்டு செல்கிறது. 45 டிகிரி வெயிலையும், அதன்பின் மழைக்காலத்தில் வரும் கரும்புள்ளி நோயையும் எல்லாச் செடிகளும் எப்படியோ தாண்டிவிடுகின்றன. இரண்டாம் அக்டோபரில் கவாத்து செய்கிறார். டிசம்பர் பிறந்ததும் தெருவெங்கும் ரோஜா பூக்கிறது. புல்தரை மூலையில் உள்ள நான்கு செடிகளும் இடுப்பளவு உயர்ந்து, கொள்ளாமல் பூத்திருக்கின்றன. மதிலோரத்தில் உள்ள எட்டில் ஏழு செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. மெலிந்த இரண்டு மூன்று கிளைகள், சிறுத்த பூக்கள். ஒன்று மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு மொட்டுகூட இல்லை.

அதிகாரி முடிவெடுத்துவிடுகிறார். பண்ணையிலிருந்து வந்த செடிகளில் இந்த எட்டும் மட்டமானவை. நன்றாக வளர்ந்திருக்கும் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் பிடுங்கிவிட வேண்டும். அடுத்த வாரமே புதிய செடிகள் வந்துவிட வேண்டும். அவர் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. "ஒரு வருஷத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறோம். பிடுங்கி எறிய உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?" என்று கேட்கிறார். வாரம் இருமுறை வரும் முதிய தோட்டக்காரர் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டே நிற்கிறார். பிறகு சொல்கிறார்: "பாபுஜி, செடியை மாற்றுவது பெரிய வேலை இல்லை. குழியை மாற்றாமல் செடியை மட்டும் மாற்றினால், அடுத்த குளிர்காலத்திலும் இதே இடத்தில் நின்று இதையேதான் பேசிக்கொண்டிருப்போம்."

இங்கே மூன்று நிலைகள் உள்ளன. முதலாவது, எதிர்பார்த்த பலன் வராததால் எழும் சினம். இரண்டாவது, பாடுபட்டு வளர்த்ததால் எழும் பற்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் ஓர் அம்சத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே செடியைப் பார்க்கவில்லை. சினம் தன் ஏமாற்றத்தைப் பார்க்கிறது. பற்று தன் உழைப்பைப் பார்க்கிறது. தோட்டக்காரரின் மூன்றாவது நிலை மட்டுமே, செடிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறது. விவேகம் என்று சான்றோர் கூறுவது இவ்வாறு கேட்கும் திறனைத்தான்.

ஏமாற்றம் எதைக் கூறுகிறது?

செடி ஏமாற்றிவிட்டது என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் செடி எவருக்கும் வாக்குறுதி தருவதில்லை. வாக்குறுதி தந்தது பண்ணையில் மாட்டியிருந்த வண்ணப்படம். நல்ல மண்ணில், தேர்ந்த கைகளால் பல ஆண்டுகள் பேணப்பட்ட செடியை, அது மிகச் சிறப்பாகப் பூத்த ஒரு நாளில் எடுத்த படம் அது. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 14 மாதச் செடியைப் பார்ப்பவருக்கு ஏமாற்றம் நேர்வதில் வியப்பில்லை.

இதனால் ஏமாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஆகிவிடாது. அது காய்ச்சலைப் போன்றது. காய்ச்சல் உடம்பில் ஏதோ கோளாறு இருப்பதைத் தெரிவிக்கிறது. கோளாறு எங்கே என்பதைத் தெரிவிப்பதில்லை. அவ்வாறே ஏமாற்றம், எதிர்பார்த்ததற்கும் நிகழ்ந்ததற்கும் இடையே தூரம் இருப்பதை மட்டும் காட்டுகிறது. அத்தூரத்துக்குக் காரணம் எதிர்பார்ப்பா, செடியா, மண்ணா, வளர்த்தவரா என்பதை அது சொல்லாது. அதைத் தனியே ஆராய்ந்துதான் அறிய வேண்டும்.

இதில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. அனுபவமுள்ளவர்கள் புதிதாக நட்ட ரோஜாவில் முதலில் தோன்றும் மொட்டுகளைக் கிள்ளிவிடுவார்கள். பூவுக்குச் செல்லும் சத்து வேருக்கும் புதிய கிளைகளுக்கும் போய்ச் சேரட்டும் என்பதே இதன் நோக்கம். இதைச் செய்ய மனம் வருவது எளிதன்று. ஆசையோடு வாங்கிய செடியின் முதல் மொட்டு அல்லவா? ஆனால் முதல் மாதம் தொட்டே எல்லாப் பூக்களையும் கொய்துகொண்டவர், பின்னர் செடி மெலிந்திருப்பதற்காக அதைக் குறைகூறுவது முறையாகாது. பலனை முன்னதாகவே பெற்றுக்கொண்டதும் அந்த மெலிவுக்கு ஒரு காரணமாகலாம். இளம் செடிகள் விஷயத்தில் மட்டுமே இது நிகழ்கிறது என்று சொல்வதற்கில்லை.

களஞ்சியத்து விதையும் வயலில் விழுந்த விதையும்

பலன் தராத ஒன்றை, பலன் தரும் ஆற்றலே இல்லாதது என்று கொள்ளலாமா? இந்தியத் தத்துவ வரலாற்றில் மிக நுட்பமாக விவாதிக்கப்பட்ட கேள்விகளுள் இதுவும் ஒன்று. விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட உதாரணமும் தோட்டத்தோடு தொடர்புடையதுதான்.

களஞ்சியத்தில் ஒரு விதை கிடக்கிறது. அது முளைக்கவில்லை. அதே விதையை ஈரமண்ணில் இட்டால் முளைக்கிறது. களஞ்சியத்தில் இருந்தபோது அதற்கு முளைக்கும் ஆற்றல் இருந்ததா? ஞானஸ்ரீமித்ரர் போன்ற பௌத்த அறிஞர்கள், இல்லை என்றனர். ஆற்றல் உள்ளது எனில் அது உடனே செயல்பட்டிருக்க வேண்டும், செயல்படாதது ஆற்றலற்றது. ஆகவே களஞ்சியத்து விதையும் முளைக்கும் விதையும் ஒன்றே அல்ல. ஒவ்வொரு கணமும் ஒரு பொருள் அழிந்து வேறொன்று தோன்றுகிறது என்பது அவர்கள் வாதம். எல்லாம் கணந்தோறும் மாறுபவை என்னும் தங்கள் கொள்கையை நிறுவுவதற்காக அவர்கள் இவ்வாறு வாதிட்டனர்.

மிதிலையைச் சேர்ந்த நியாயதத்துவ மேதை உதயனர் 'ஆத்மதத்துவ விவேகம்' என்னும் நூலில் இதை மறுத்தார். விதை ஒன்றேதான்; முளைக்கும் ஆற்றலும் அதனிடம் இருக்கிறது. ஆனால் மண், நீர், வெப்பம் ஆகிய உடன்காரணங்கள் கூடும்போதே ஆற்றல் வெளிப்படும். உடன்காரணம் இல்லாததால் பலன் வரவில்லை என்பது ஒன்று. ஆற்றலே இல்லாததால் பலன் வரவில்லை என்பது முற்றிலும் வேறொன்று. சஹகாரி என்னும் சொல்லால் நியாய நூல்கள் இந்த உடன்காரணங்களைக் குறிப்பிடுகின்றன.

டில்லித் தோட்டத்துக்குத் திரும்பினால், அதிகாரியின் முடிவு அறியாமலேயே முதல் வாதத்தைப் பின்பற்றுவதைக் காணலாம். இந்த டிசம்பரில் பூக்கவில்லை. ஆகவே பூக்கும் தகுதி இல்லை. அந்த வாதத்தை முன்வைத்த தத்துவ அறிஞர்களுக்கு ஆழ்ந்த நோக்கம் ஒன்று இருந்தது. ஆனால் அன்றாட வாழ்வில் உயிர்களை மதிப்பிடும் அளவுகோலாக இதை எடுத்துக்கொண்டால், நேற்று நடந்ததும் நாளை நடக்கக்கூடியதும் கணக்கில் வராமலே போய்விடும். மிஞ்சுவது இன்று கண்ணுக்குத் தெரியும் குறை ஒன்றே.

அதே வேளையில் உதயனரின் விடையைத் தவறாகப் பயன்படுத்தவும் இடம் உண்டு. உடன்காரணம் கூடவில்லை என்று எந்தத் தோல்விக்கும் எக்காலமும் சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்கலாம். இந்த ஆண்டு மழை அதிகம், சென்ற ஆண்டு வெயில் அதிகம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பத்து ஆண்டுகளைக் கழித்துவிடலாம். அது பொறுமை ஆகாது. முடிவெடுக்க அஞ்சும் மனம் பொறுமையின் பெயரைச் சூட்டிக்கொள்கிறது, அவ்வளவே. எனவே உடன்காரணம் குறைந்திருக்கிறது என்று சொல்பவருக்கு ஒரு கடமை உண்டு. எது குறைந்தது என்று கண்டறிய வேண்டும். அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பின் நியாயமான காலம் காத்திருக்க வேண்டும். இவற்றைச் செய்தபின்னும் பலன் இல்லையெனில், ஆற்றல் இல்லை என்னும் முடிவுக்கு வர அவருக்கு உரிமை உண்டு.

தோண்டிப் பார்த்தால் தெரிவது

காரணத்தைக் கண்டறிய நியாய சாஸ்திரம் காட்டும் வழி அன்வயம், வியதிரேகம் என்பது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இருப்பதையும், அது இல்லாத இடத்தில் மற்றதும் இல்லாததையும் சேர்த்துப் பார்ப்பது. புல்தரை மூலையில் உள்ள நான்கு செடிகளும் இந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த வாய்ப்பு. வகை ஒன்று, பண்ணை ஒன்று, நட்ட வாரம் ஒன்று, வளர்த்த கையும் ஒன்று. இரு இடங்களிலும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் விழுகிறது. வேறுபாடு மண்ணில் மட்டுமே உள்ளது. ஆனால் அதிகாரி, நன்றாக வளர்ந்த நான்கு செடிகளைப் பார்த்து மகிழ்ந்தாரே தவிர, அவை மற்ற எட்டைப் பற்றிச் சொல்லும் சாட்சியைக் கேட்கவில்லை.

ரோஜா நெடுங்காலம் நின்ற மண்ணில் மீண்டும் ரோஜாவையே நட்டால் புதிய செடி பெரும்பாலும் தேங்கிவிடுகிறது. தோட்டக்கலை அறிஞர்கள் நன்கறிந்த நிகழ்வு இது. பழைய வேர்களைச் சார்ந்து பெருகிய பூஞ்சைகளும் நூற்புழுக்களும் இதில் பங்குகொள்கின்றன. அதே மண்ணில் வேறு இனச் செடிகள் செழிப்பாக வளரக்கூடும். ரோஜாவுக்கு மட்டுமே அது ஒவ்வாது. ஆகவே பழைய பாத்தியில் மீண்டும் ரோஜா நடுவோர், முழங்கையளவுக்குக் குறையாமல் அகலமும் ஆழமுமாக மண்ணை அகற்றி, ரோஜா வளராத இடத்து மண்ணை மக்கிய தொழு உரத்தோடு கலந்து நிரப்புவர். தோட்டக்காரர் குழியை மாற்றச் சொன்னதன் பொருள் இதுவே. அதிகாரி நினைத்தபடி ஏழு புதிய செடிகளை அதே குழிகளில் நட்டிருந்தால், அவையும் அடுத்த டிசம்பரில் மட்டமான செடிகள் என்று பெயர் வாங்கியிருக்கும்.

ஆனால் எல்லாக் குறைக்கும் மண்ணே காரணம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் அவசரமே. ஜனவரிக் குளிரில் செடிகள் ஏறக்குறைய உறங்கும் நிலையில் இருக்கும்போது ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்கிறார்கள் என்று கொள்வோம். அங்கே வெவ்வேறு கதைகள் வெளிப்படலாம்.

நெடுநெடுவென்று வளர்ந்த அந்த ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். ரோஜாவைப் பெரும்பாலும் முரட்டு ரோஜா ஒன்றின் வேர்ப்பகுதியில் மொட்டு ஒட்டியே வளர்க்கிறார்கள். ஒட்டிய பகுதி பட்டுப்போனால், ஒட்டுக்குக் கீழேயிருந்து முரட்டு ரோஜா தானே கிளைத்து எழும். அதன் இலையமைப்பு வேறு. வளர்ச்சி மிக வேகமானது. அதிகாரி வைத்துக்கொள்ள விரும்பிய அந்த ஒரே செடியில், அவர் நட்ட ரோஜா எப்போதோ மறைந்துவிட்டது. அவர் நீர் ஊற்றி மகிழ்ந்தது, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட வேறொன்றுக்கு. வளர்ச்சி என்பது மட்டும் நன்மையின் அடையாளம் ஆகாது. எது வளர்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு செடியின் வேர்க்கழுத்தில் கழலை போன்ற புடைப்பு காணப்படுகிறது. மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வருவது அது. வேறொன்றில் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்த நோய் ஒட்டு வரை இறங்கிவிட்டது. கிளையின் நடுவில் இருந்தபோதே பச்சைப் பகுதி வரை வெட்டி, வெட்டிய இடத்தில் போர்டோப் பசை தடவியிருந்தால் பிழைத்திருக்கும். இப்போது வெட்டுவதற்கு உயிருள்ள பகுதி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. மூன்று செடிகளில் வேர் வெண்மையாக, ஆரோக்கியமாக, ஆனால் குட்டையாக உள்ளது. நோய் எதுவும் இல்லை, இடம் மட்டுமே ஒவ்வவில்லை. மீதி இரண்டைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

எட்டுச் செடிகளுக்கும் ஒரே தீர்ப்பு வழங்கியிருந்தால் அது எவ்வளவு பெரிய பிழையாகியிருக்கும்! எட்டையும் பிடுங்குவது பிழை. எட்டையும் வைத்திருப்பதும் பிழை. கழலை கண்டதையும் கருகியதையும் அகற்ற வேண்டும். ஒட்டு அழிந்ததையும் அகற்றலாம். மூன்றை வேரை அலசிப் புதிய மண்ணுக்கு மாற்ற வேண்டும். இரண்டுக்குத் தவணை தர வேண்டும்.

உழைத்தது ஒரு காரணமாகுமா?

மனைவியின் கேள்விக்கு இன்னும் விடை சொல்லப்படவில்லை. ஓராண்டுக்கு மேல் வளர்த்ததை எப்படிப் பிடுங்குவது என்கிறார் அவர். பொருளாதார அறிஞர்கள் இதற்கு ஒரு கறாரான விடை தருவர். செலவழிந்தது செலவழிந்ததுதான், செடியை வைத்திருந்தாலும் பிடுங்கினாலும் அது திரும்பி வராது. ஆகவே இனி எடுக்கும் முடிவில் அதற்கு இடமில்லை.

இந்த விடை பெரும்பாலும் சரியே. ஊற்றிய தண்ணீரைக் காரணம் காட்டி நோயுற்ற செடியை வைத்திருப்பவர், பக்கத்தில் உள்ள நல்ல செடிகளுக்குத் தீங்கு செய்கிறார். அங்கே கருணை என்று தோன்றுவது, தன் உழைப்பு வீணாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள மறுக்கும் மனமே. ஒரு தாயின் அன்பைப் போல அது தோன்றலாம். ஆனால் அன்பு தன் கைப்பட்டதைக் காட்டிலும் எதிரில் இருப்பதன் நலனையே பெரிதாகக் கருதும்.

எனினும் பொருளாதார விடை ஒன்றை விட்டுவிடுகிறது. ஓராண்டுக்காலம் ஒன்றைப் பேணியவர் அதைப் பற்றிச் சிலவற்றை அறிந்திருக்கிறார். எந்தச் செடி காலையில் முதலில் வாடும், எது மழைக்குப் பின் தளிர்த்தது, எதன் இலை மஞ்சளாகிப் பின் தேறியது என்பதெல்லாம் நாள்தோறும் நீர் ஊற்றியவருக்கே தெரியும். அந்த இரண்டு சந்தேகச் செடிகளுக்கும் தவணை தரலாமா என்று முடிவு செய்யும்போது, கணவரின் கணக்கைக் காட்டிலும் மனைவியின் நினைவு பயன்படும். உழைப்பு, செடியை வைத்துக்கொள்ள ஒரு காரணம் ஆகாது. ஆனால் செடியைப் பற்றிச் சரியாக முடிவெடுக்கும் தகுதியை அது தருகிறது. பேணாதவர் வழங்கும் தீர்ப்புக்கும் பேணியவர் வழங்கும் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பிடுங்குவதே கடமையாகும் இடம்

ரோஜாவின்மீது பேரன்பு கொண்டவர் செடியைப் பிடுங்கவே மாட்டார் என்று எண்ணத் தோன்றும். இந்தியாவில் ரோஜாவை மிக ஆழமாக நேசித்தவர்களுள் ஒருவர் டாக்டர் பி.பி.பால் (1906 - 1989). கோதுமை ஆராய்ச்சியில் புகழ்பெற்றவர். துரு நோயைத் தாங்கும் கோதுமை வகைகளை உருவாக்கியவர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் முதல் தலைமை இயக்குநர். ஓய்வு நேரமெல்லாம் ரோஜாவோடு கழித்த அவர், பல புதிய ரோஜா வகைகளை உருவாக்கினார். இந்திய ரோஜாக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1966-இல் வெளிவந்தது.

புதிய வகையை உருவாக்குவோர் இரண்டு ரோஜாக்களை இணைத்துப் பெற்ற விதைகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் விதைக்கிறார்கள். முளைத்தவற்றுள் மிகச் சிலவற்றையே வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுகிறார்கள். ரோஜாவை அதிகம் நேசிப்பவரே அதிகமான செடிகளைப் பிடுங்குபவராகவும் இருக்கிறார்! இதில் முரண்பாடு இல்லை. அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு வேறு. இந்த நாட்டின் வெயிலையும் நோயையும் தாங்கி, நாளை ஆயிரம் தோட்டங்களில் வளரப்போகும் ஒரு வகைக்கு அவர் பொறுப்பேற்றிருக்கிறார். பலவீனமான நாற்று ஒன்றை இரக்கத்தால் விட்டுவைத்தால், அந்த ஆயிரம் தோட்டங்களுக்கும் அவர் தீங்கு செய்தவராவார்.

பெங்களூரு, ஓசூர் பகுதிகளில் பசுமைக் குடில்களில் கொய்மலர் வளர்ப்பவரின் நிலையும் இத்தகையதே. விளைச்சலை நம்பிக் கூலி பெறும் குடும்பங்கள் அங்கே உள்ளன. மூன்று ஆண்டுகள் பொறுத்துப் பார்க்கலாம் என்று அவரிடம் உபதேசிப்பது எளிது. அந்தப் பொறுமையின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு சிலர். சண்டீகரில் 1967-இல் அமைக்கப்பட்ட ஜாகிர் ஹுசைன் ரோஜாத் தோட்டம் 30 ஏக்கர் பரப்புடையது. அத்தகைய பொதுத் தோட்டத்தைப் பராமரிப்பவர், மக்கள் காண வரும் பாத்திகளை வெறுமையாக விட முடியாது. வீட்டுத் தோட்டத்தில் நிற்பவருக்கோ இந்த நெருக்கடி எதுவும் இல்லை. எட்டுச் செடிகள் இன்னும் ஓராண்டு பூக்காவிட்டால் எவரும் பசித்திருக்கப் போவதில்லை. வேறொருவர் தாங்கவேண்டிய சுமையாக இல்லாதவரை, பொறுமைக்கு இடம் அதிகம். பொறுமையின் எல்லையை வகுப்பது அவரவர் ஏற்ற பொறுப்பே.

மாற்றத்தக்கதும் மாற்ற முடியாததும்

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு பாகுபாட்டைச் செய்தார். சிலவற்றுக்கு விலை உண்டு. அவற்றின் இடத்தில் அதே மதிப்புள்ள வேறொன்றை வைக்கலாம். சிலவற்றுக்கு விலை கடந்த மாண்பு உண்டு. அவற்றுக்கு ஈடு என்பதே இல்லை. மனிதன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன் என்பது அவர் கருத்து.

ரோஜாச் செடி எந்த வகை? பண்ணையில் விலை எழுதி விற்கப்படுகிறது. ஒன்று போனால் இன்னொன்று வாங்கலாம். அந்த அளவில் அது மாற்றத்தக்கது. ஆனால் உடைந்த பூந்தொட்டியைப் போல அது மாற்றத்தக்கது என்று மனம் ஏற்பதில்லை. அது உயிருள்ளது, தனக்கென ஒரு வளர்ச்சி உடையது, ஒருவர் அதை வேறொரு மண்ணிலிருந்து எடுத்துவந்து தன் மண்ணில் வைத்திருக்கிறார். இந்நாட்டுச் சிந்தனை, உயிர்களுக்கிடையே சுவர் எழுப்பாமல் படிநிலைகளையே கண்டுவந்தது. செடியைப் பிடுங்கக்கூடாது என்று அது விதிக்கவில்லை. காரணமின்றிப் பிடுங்காதே என்றது. காரணம் கேட்கும் அந்த ஒரு கணமே செடிக்கு உரிய மரியாதை.

இந்த எல்லையை மறப்பதால் இருவிதமான தீங்கு விளைகிறது. செடியை மனிதனைப் போலக் கருதினால் தோட்டம் நோய்க்காடாகும். மனிதனைச் செடியைப் போலக் கருதினால் வரும் தீங்கு இதைவிடப் பெரிது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான இளைஞன் திறமை காட்டவில்லை, வேறொருவரைப் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பில் ஒரு மாணவன் பின்தங்குகிறான். பள்ளியின் தேர்ச்சி விகிதம் கெட்டுவிடும், வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம். புதிதாக வந்த மருமகள் வீட்டோடு ஒன்றவில்லை. அவள் குணமே அப்படி. இப்படிப் பேசப்படும் இடங்களில் குழியைத் தோண்டிப் பார்க்கும் வழக்கம் அநேகமாக இருப்பதில்லை. முன்பு அதே நாற்காலியில் இருந்த மூவரும் ஏன் நிலைக்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. ஆள் மாறுகிறார்; மண் மாறவில்லை.

ஒருவரை ஒரு பணியிலிருந்து விடுவிக்க வேண்டிய நேரம் வரவே வராது என்று இதற்குப் பொருள் இல்லை. இடம் ஒவ்வாத மூன்று செடிகளைப் போல, வேறிடத்தில் செழிக்கக்கூடியவரை அங்கே அனுப்புவது நன்மையே. ஆனால் செடியை அகற்றிக் குப்பையில் இடும் உரிமை ஒரு தோட்டக்காரருக்கு உண்டு. மனிதர்கள் விஷயத்தில் எவருக்கும் அத்தகைய உரிமை இல்லை. பணியிலிருந்து விலக்கலாம், பயனற்றவர் என்று தீர்ப்பிட முடியாது. ஏனெனில் ஒரு மனிதனுக்கு வேண்டிய உடன்காரணங்கள் அனைத்தையும் கொடுத்துப் பார்த்துவிட்டேன் என்று சொல்லக்கூடியவர் எவரும் இல்லை.

தவணையும் விடையும்

எனவே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்ற கேள்விக்குப் பொதுவான ஒரே விடை கிடையாது. ஆனால் விடையை நேர்மையாகத் தேடும் வழி உண்டு. முதலில், குறை எங்கே என்று பார்க்க வேண்டும். நன்றாக வளர்ந்தவற்றையும் அந்த ஆராய்ச்சியில் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அடுத்து, கொடுக்கத் தவறியதைக் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, எவ்வளவு காலம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக் காத்திருக்க வேண்டும். எல்லையற்ற காத்திருப்பில் மனம் நாளுக்கொரு தீர்ப்பு எழுதும். எல்லை வகுத்துக்கொண்டால், அந்த நாள் வரை குறைகாணாமல் நீர் ஊற்ற முடியும்.

அந்த நாள் வந்தபின் அகற்றவே நேர்ந்தால், சினம் இன்றி அகற்றலாம். சினத்தோடு பிடுங்குபவர் வேரை அறுத்து எறிந்துவிட்டுப் போகிறார். மண்ணில் மிஞ்சிய வேர் அடுத்த செடியையும் கெடுக்கிறது. அமைதியோடு அகற்றுபவர் வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எடுக்கிறார்; மண்ணைக் கைநிறைய அள்ளிப் பார்க்கிறார்; போன செடி எதனால் போயிற்று என்பதைத் தெரிந்துகொண்டு அடுத்ததை நடுகிறார். பிழைக்காமற்போன செடிக்கு அவர் செய்யக்கூடிய கடைசி நன்றி அதுவே.

சந்தேகத்துக்குரிய அந்த இரண்டு செடிகளும் டில்லியின் வசந்தம் முடியும் மார்ச் மாதம் வரை இருக்கட்டும். அதுவரை அவற்றுக்குத் தேவை புதிய மண்ணும் வெயிலும் அளவான நீரும். தினமும் போய் மொட்டு வந்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.